குளிரக் கூடாத பாட்டில்

லேபில் பரிமளா நாகராசுவிடமிருந்து பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் பொத்திப் பார்த்தாள். கையுறையைத் தாண்டிக் குளிர்ந்தது.

"என்னண்ணே, சில்லுனு இருக்கு. ஐஸ்ல வச்சீங்களா?"

"இல்லத்தா."

"பின்ன எப்படி?"

"மத்த டியூபெல்லாம் எடுத்தேன்ல. கையெல்லாம் ஐஸ் தண்ணி. அதே கையோட இதையும் தொட்டுட்டேன்."

அவள் லேபிளைப் படித்தாள். சுபாவின் ஆண் குழந்தை, பிறந்து நான்கு நாள், ஆலங்குடி, டாக்டர் அன்புமொழி.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

"வம்பன்கிட்ட பஞ்சர்."

அது உண்மை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லேப் முதலாளி ராமசுப்பிரமணியன் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அறந்தாங்கிப் பக்கம் ரத்தம் எடுத்துவரப் போய்க்கொண்டிருந்த ஆளை அவர் போன மாதம்தான் நிறுத்தியிருந்தார். இரண்டு நோயாளிகளின் டியூபுகளை மாற்றிக் கொடுத்துவிட்டதற்காக. நாகராசு அந்த முதுகைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பரிமளா வேறொன்றும் கேட்கவில்லை. பாட்டிலை உள்ளே கொண்டுபோய் மெஷினில் செருகி மூடினாள்.

நாகராசுவின் வேலை ரத்தம் சேர்த்து வருவது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ரத்தத்தையும் சிறுநீரையும் டிவிஎஸ்ஸின் பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில் வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து இந்த லேபில் கொடுக்க வேண்டும். பரிசோதனையின் முடிவுகள் போனில் போய்விடும். அவர் கொண்டுபோகத் தேவையில்லை.

இதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேல் அதே டிவிஎஸ்ஸில் மீன் விற்றார். திருவரங்குளத்துக்கு மேற்கே மானாவாரி நிலம் கொஞ்சம் இருந்தது. கடலை போட்டார்கள். கிணறு வற்றியதும் அப்பா கூலிக்குப் போனார், மகன் மீனுக்குப் போனார். இருட்டோடு கிளம்பி ஜெகதாப்பட்டினத்தில் ஏலம் எடுத்து, பெட்டிக்குள் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன் என்று அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் ஆலங்குடி வந்துவிடுவார். வீட்டுப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். ஐஸ் குறைந்தால் மத்தியானத்துக்குள் மீனின் கண் வெளுத்துவிடும். கெட்ட மீனை விற்றார் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அவருடைய பெருமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

கொரோனா வந்து ஏலக்கூடத்தை மூடினார்கள். வீட்டில் இருந்தார். மனைவி காத்தாயி முந்திரி உடைக்கப் போவதும் நின்றுபோயிருந்தது. அந்தச் சமயத்தில் லேபுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வண்டி இருக்க வேண்டும், ஊர்ப் பாதையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், பொருளைக் கெடாமல் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் அன்புமொழி வீட்டுக்கு அவர் வெகுநாளாக மீன் கொடுத்துவந்தார். டாக்டர்தான் ராமசுப்பிரமணியனிடம் பேரைச் சொன்னார். முதலாளி புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். பழைய பெட்டி இப்போது காத்தாயியிடம் இருக்கிறது. அதில் தவிடு வைத்திருக்கிறாள்.

பெட்டி மாறியும் பேர் மாறவில்லை. ஆலங்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் ப்ரியங்கா அவரைப் பார்த்ததும் கேட்பாள்.

"வாங்க மீன்காரண்ணே. இன்னிக்கி என்ன, வஞ்சிரமா நெத்திலியா?"

"நீ எடுத்து வச்சிருக்கிறதப் பாத்தா நெத்திலிதான். டியூபுல பாதி கூட இல்ல. போன வாரம் மாதிரி பத்தலன்னு திருப்பி அனுப்புவாங்க, அப்பறம் என்னைய ஏசாத."

"ஒங்கள ஏசி என்ன பண்ண. நீங்க எடைக்கு எடை ஐஸ் வச்சு ஏமாத்துன ஆளு."

"ஒங்க வீட்டுக்கு ஒரு தடவ வித்திருக்கேனா? பேசுற."

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பரிமளா எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினாள். சிவப்பு மூடி, ஊதா மூடி, சிறுநீர் டப்பா எல்லாம் ஐஸ் பெட்டிக்குள். கடைசியாக ஒரு தடித்த சின்ன பாட்டிலைக் காட்டினாள். உள்ளே டீ நிறத்தில் தண்ணீர் இருந்தது.

"இது மட்டும் வெளிய வரணும். துணிப்பையில போட்டு முன்னால மாட்டிக்கங்க. ஐஸ் பக்கமே போகக் கூடாது."

"வெயில்ல கெட்டுறாதா?"

"கெடட்டும்ணே. ரத்தத்துல கிருமி இருந்தா இந்தத் தண்ணிதான் அதுக்குத் தீனி. தின்னு வளரணும். வளந்தாத்தான் எனக்குத் தெரியும்."

பச்சைக் குழந்தைகளுக்குத்தான் இந்த பாட்டில் அதிகம் வரும். பெரியவர்களுக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் காய்ச்சல் கொதிக்கும், நடுங்கும், வாயால் சொல்வார்கள். பிறந்த குழந்தை எதுவும் சொல்லாது. காய்ச்சல்கூட வராமல் போகலாம். பால் குடிக்காது, தூங்கிக்கொண்டே இருக்கும், பாதம் குளிர்ந்திருக்கும். இதே அறிகுறிகள் வேறு பத்துக் காரணங்களாலும் வரும். எது என்று தெரியும்வரை காத்திருந்தால் குழந்தை தாங்காது. அதனால் முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து பாட்டிலில் விட்டுவிட்டு உடனே ஊசி மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். பாட்டில் மெஷினுக்குள் உடம்புச் சூட்டில் இருக்கும். இரண்டு நாளில் ஒன்றும் வளரவில்லை, குழந்தையும் தெளிவாக இருக்கிறது என்றால் ஊசியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பலாம். வளர்ந்துவிட்டால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஊசி போட வேண்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி திரும்பி வரும், மூளைக்கும் போகலாம்.

இதையெல்லாம் நாகராசு கேட்டுக்கொண்டார். சொன்னபடி பாட்டிலைத் துணிப்பையில் போட்டு முன்னால் மாட்டிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. சித்திரை வெயிலில் ரத்தத்தை வெளியே தொங்கவிட்டு ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ தப்புச் செய்வதுபோலத்தான் இருந்தது.

சுபாவின் குழந்தைக்கு ரத்தம் எடுத்த அன்று அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. ஆலங்குடி கடைவீதியில் நாய்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் அவரைக் காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை. கையில் குத்திப் பார்த்துவிட்டு, காலில் எடுத்தார்கள். அழுகை வெளியே கேட்டது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, முனகல்.

வெளியே பெஞ்சில் குழந்தையின் அப்பா திருமுருகன் உட்கார்ந்திருந்தார். திருவரங்குளத்துக்காரர், ஷார்ஜாவில் ஏசி வேலை. பிரசவத்துக்காக லீவில் வந்தவர், இந்த வாரம் திரும்பிப் போக வேண்டும். குழந்தை பிறந்த மறுநாள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பால் குடிக்காமல் கிடந்ததால் உடனே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். அவர் இன்னும் சரியாகத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

ப்ரியங்கா பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தபோது திருமுருகன் எழுந்து வந்தார்.

"அண்ணே, பாத்துக் கொண்டுபோங்க. ரெண்டு எடத்துல குத்தித்தான் எடுத்தாங்க. கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும்னு வந்துறக் கூடாது."

"ஒண்ணும் ஆகாது தம்பி."

வெளியே வந்து பாட்டிலைத் துணிப்பையில் போட்டார். பையின் துணி சுட்டது. வண்டி சீட் சுட்டது. பாட்டிலின் அடியில் அந்த ரத்தம் கொஞ்சமாகக் கலங்கித் தெரிந்தது. அவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், பெட்டியைத் திறந்தார், ஐஸ் பைகளுக்கு நடுவில் பதித்து மூடினார். யோசித்துச் செய்ததாக அவருக்கு நினைவில்லை. மீன்காரனின் கை அதுபாட்டுக்குச் செய்தது. லேப் வாசலில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டால் போகிறது என்று வண்டி கிளம்பிய பிறகுதான் நினைத்தார்.

வம்பன் நாலுரோட்டைத் தாண்டியதும் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். பஞ்சர் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். வந்த பிறகு டியூபில் இரண்டு இடத்தில் ஓட்டை என்றார். நாகராசு தைலமர நிழலில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி நிழலில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நகர்த்தி வைத்தார்.

லேபில் பரிமளா கேட்டதும் இல்லை என்ற சொல் தானாக வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காத்தாயி கேட்டாள். சொன்னார்.

"ஐஸ் பத்தாம ஏச்சு வாங்கிறக் கூடாதுன்னு ஒரு காலத்துல அலைஞ்சீங்க," என்றாள். "இப்ப ஐஸ் கூடிப்போச்சுன்னு வாங்கப்போறீங்க."

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடுறேன். ஐஸ்ல வச்சா அந்தக் கிருமி செத்துப்போயிருமா?"

"செத்தாலும் சாகும். இல்ல, சுருண்டு கெடக்கும்கிறாக. இருக்கா இல்லையான்னு அப்பறம் சரியாத் தெரியாது."

"புள்ளைக்கு மருந்து போய்க்கிட்டுத்தான இருக்கு?"

"போகுது."

"அப்பச் சரியாப்போயிரும். சாப்புடுங்க. இத வெளிய சொல்லி, அந்தாளு வேலைய விட்டுத் தூக்குனா மறுபடி ஜெகதாப்பட்டினம் போவீங்களா? இந்த முட்டியோட?"

அவருடைய வலது முட்டி மடங்காது. வண்டியைக் காலூன்றி நிறுத்துவதே சிரமம். அவர் சாப்பிட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் லேபுக்குப் போனதும் பரிமளாவிடம் கேட்டார்.

"அந்த ஆலங்குடிப் புள்ள பாட்டில்?"

"ஒண்ணும் வரலண்ணே. நீங்க ஏன் இவ்வளவு கேக்குறீங்க, சொந்தமா?"

"சும்மாதான்."

"நல்லதுதானே. ரெண்டு நாள் ஆச்சு, வளரலன்னு டாக்டருக்குச் சொல்லியாச்சு."

அன்று மத்தியானம் அவர் ஆலங்குடி போனபோது ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் கார் நின்றது. டிக்கியில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்த திருமுருகன் அவரைப் பார்த்ததும் சிரித்தார். முதல்முறையாக அவர் சிரித்து நாகராசு பார்த்தார். சின்ன வயசு.

"அண்ணே, வீட்டுக்குப் போறோம். கிருமி இல்லன்னு வந்துருச்சு." சட்டைப் பையிலிருந்து வெளிநாட்டு மிட்டாய் இரண்டை எடுத்துக் கையில் திணித்தார். "ஒங்க கைராசிண்ணே. நீங்க கொண்டுபோனது. நாளைக்கு ராத்திரி எனக்கு பிளைட்டு. ஒரு நாளாச்சும் வீட்ல வச்சுப் பாத்துட்டுப் போகலாம்."

"நல்லது தம்பி," என்றார் நாகராசு.

டியூபுகளை வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். வண்டியைக் கிளப்பினார். வடகாட்டுக்குப் போக வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டி ஒரு முந்திரித் தோப்பின் வேலியோரம் நிறுத்தினார். மிட்டாய் பையில் இளகிக்கொண்டிருந்தது. பரிமளாவுக்கு போன் போட்டார்.

"ஆத்தா, அந்த பாட்டில் இன்னும் மெஷின்ல இருக்கா?"

"இருக்கும். அஞ்சு நாள் பாத்துட்டுத்தான் எடுப்போம். ஏன்?"

"அத நான் ஐஸ்ல வச்சேன்."

போனில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எவ்வளவு நேரம்ணே?"

"அங்கிட்டுக் கெளம்புனதுலேர்ந்து. பஞ்சர் ஒட்டுற வரைக்கும் உள்ளதான் இருந்துச்சு."

"அன்னிக்கே கேட்டேன்ல நான்."

"கேட்ட."

"கேட்டேன்ல?"

"கேட்ட ஆத்தா. பொய் சொன்னேன்."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் உடனே வேற ரத்தம் கேட்டிருப்பேன். மருந்து அப்பத்தான் ஆரம்பிச்சிருப்பாங்க." அவள் குரல் தணிந்தது. "இப்ப எங்க இருக்கீங்க? புள்ள இருக்கா, போயிருச்சா?"

"கெளம்பிக்கிட்டு இருக்காக."

"திரும்பிப் போங்க. நானும் டாக்டருக்கு போன் பண்றேன். அவங்க பேஷன்ட் பாக்கையில எடுக்க மாட்டாங்க. நீங்க போய் நேர்ல சொல்லுங்க."

அவர் திரும்பிப் போனார். கார் இன்னும் நின்றது. திருமுருகன் மருந்துக் கடையில் நின்றிருந்தார். நாகராசு பக்கவாட்டு வழியாக உள்ளே போனார். டாக்டர் அன்புமொழி வேறொரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்திருந்தார்.

"டாக்டரம்மா, அந்த சுபா புள்ள பாட்டில நான் ஐஸ்ல வச்சுட்டேன்."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ஸ்டெத்தைக் காதிலிருந்து கழற்றினார்.

"என்ன சொன்னீங்க நாகராசு?"

அவர் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொல்வது கஷ்டமாக இருந்தது. பஞ்சரையும் சொன்னார், பரிமளா கேட்டதையும் தான் மறுத்ததையும் சொன்னார். டாக்டர் மேஜையில் அதிர்ந்துகொண்டிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார். பரிமளாவின் பேர் இருந்தது.

"எதுக்கு வச்சீங்க? இத்தனை வருஷம் ஒழுங்காத்தான கொண்டுபோனீங்க."

"வெயில்மா. சின்னப்புள்ள ரத்தம், கெட்டுப்போயிரும்னு."

டாக்டர் எழுந்து கதவைத் திறந்து ப்ரியங்காவைக் கூப்பிட்டார். சுபாவைக் குழந்தையோடு உள்ளே வரச்சொல் என்றார்.

மூன்று பேரும் வந்தார்கள். சுபா குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். திருமுருகன் கையில் கார் சாவி வளையத்தைப்போல மருந்துப் பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நாகராசுவைப் பார்த்து மறுபடி சிரித்தார்.

"ஒக்காருங்க," என்றார் டாக்டர். "ரிப்போர்ட்ல ஒரு சந்தேகம் வந்திருக்கு. இன்னிக்கு அனுப்ப முடியாது."

"காலைல கிருமி இல்லன்னீங்களே."

"வளரலன்னு வந்துச்சு. அந்த பாட்டில் வழியில குளுந்துபோயிருக்கு. குளுந்தா, கிருமி இருந்தாலும் வளராம இருக்கலாம். அதனால அந்த ரிப்போர்ட்ட நம்பி நான் மருந்த நிறுத்த முடியாது."

"மறுபடி எடுத்துப் பாருங்க."

"எடுப்பேன். ஆனா ரெண்டு நாளா மருந்து ஏறியிருக்கு. இப்ப எடுக்கிறதுல ஒண்ணும் வரலன்னா, கிருமியே இல்லையா, மருந்துக்குப் பதுங்கியிருக்கான்னு சொல்ல முடியாது. பழைய பாட்டில் இன்னும் மெஷின்ல இருக்கு. லேட்டா வளந்தாலும் வளரும். அதுவரைக்கும் புள்ளையப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

"புள்ள நல்லாத்தான இருக்கான்." திருமுருகனின் கை நின்றிருந்தது. "யாரு குளுர வச்சது?"



"நான்தான் தம்பி," என்றார் நாகராசு.

"நீயா?"

"நான்தான்."

"பாத்துக் கொண்டுபோன்னு ஒங்கிட்டத்தானய்யா சொன்னேன்." அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "மீன் விக்கிறவன் கையில எம்புள்ள ரத்தத்தக் குடுத்து அனுப்பியிருக்கீங்க."

"நான்தான் குடுத்தனுப்புனேன். அதுக்கு என்னைய என்ன கேக்கணுமோ அப்பறம் கேளுங்க," என்றார் டாக்டர்.

"நாளைக்கு ராத்திரி பிளைட்டு. மாத்த முடியாது. மாத்துனா அங்க வேலை இல்ல. கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். என்ன ஆனாலும் ஒங்களக் கேக்க மாட்டேன்."

"கையெழுத்துப் போட்டுட்டுப் போறவங்களும் உண்டு," என்றார் டாக்டர். "நான் வேணாம்னுதான் சொல்வேன்."

"நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு ஊசி? பாருங்க, தூங்குறான்."

"அவன் காலைலேர்ந்து குடிக்கலங்க," என்றாள் சுபா.

 எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வாயில வைக்கிறான். உறிஞ்ச மாட்டேங்கிறான். ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிருறான்."

"காலைல நான் கேட்டப்ப நல்லாக் குடிச்சான்னு சொன்னீங்க," என்றாள் ப்ரியங்கா.

"சொன்னேன்."

"ஏன்டி?" என்றார் திருமுருகன்.

"குடிக்கலன்னு சொன்னா அனுப்ப மாட்டாங்க. நீங்க ஒரு நாள் வீட்ல அவன மடியில போட்டுட்டுப் போகணும்ல."

திருமுருகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் குழந்தையை வாங்கி மேஜைமேல் கிடத்தித் துண்டை விலக்கினார். பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்து அமுக்கி எடுத்தார். அந்த இடம் வெளுத்தது. மறுபடி சிவப்பதற்கு நேரம் எடுத்தது. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார். காலைச் சுண்டினார். குழந்தை முகத்தைச் சுளித்தது, அழவில்லை.

"ப்ரியங்கா, உள்ள கொண்டுபோங்க. மருந்து ஏத்த மறுபடி லைன் போடணும். பாட்டில் எடுத்து வைங்க, நானே எடுக்கிறேன்."

சுபா குழந்தைக்குப் பின்னால் போனாள். திருமுருகன் போகவில்லை. டிக்கியிலிருந்து பைகளை இறக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். வெளியே போகும்போது நாகராசுவைக் கடந்துதான் போக வேண்டும். கடந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

நாகராசு நடையில் நின்றிருந்தார். புது பாட்டில் வரும் என்று நினைத்தார். வந்தது. டாக்டரே கொண்டுவந்தார்.

"இத ப்ரியங்கா கொண்டுபோவா. அவளுக்கு இப்ப ஷிப்ட் முடியுது, பஸ்ல போறா," என்றார். "நீங்க மத்தத எடுத்துட்டுப் போங்க."

"சரிம்மா."

"புள்ளையோட அப்பா முன்னால ஒங்ககிட்டக் குடுக்க முடியாது நாகராசு."

"தெரியுதும்மா."

டாக்டர் திரும்பி இரண்டடி போனார், நின்றார்.

"திரும்பி வராம வடகாட்டுக்குப் போயிருந்தா இந்நேரம் அவங்க திருவரங்குளம் போயிருப்பாங்க," என்றார். பாராட்டா கோபமா என்று குரலில் தெரியவில்லை. உள்ளே போய்விட்டார்.

அவர் வடகாட்டுக்குப் போய் டியூபுகளை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை திரும்பினார். எதிரே வந்த ஆலங்குடி பஸ்களில் கூட்டம் இருந்தது. லேபில் பரிமளா டியூபுகளை எண்ணி வாங்கினாள்.  கடைசியில், "மொதலாளிட்டச் சொல்லிட்டேன்ணே, சொல்லாம இருக்க முடியாது," என்றாள்.

"நீ சொன்னதுதான் சரி," என்றார்.

மறுநாள் காலையில் பரிமளா லேபைத் திறந்தபோது மெஷினில் கிருமி வளர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐஸில் இருந்த பாட்டில்தான். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தாள். சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. ரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து தவறி விழுகிற வகை இல்லை, ரத்தத்திலேயே இருந்த கிருமி. டாக்டருக்குச் சொன்னாள். எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றும் சொன்னாள். டாக்டர் அதுவரை காத்திராமல் மருந்தை மாற்றினார். மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரும் எடுத்தார்.

ராமசுப்பிரமணியன் நாகராசுவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். டாக்டர் அம்மா உங்களுக்காகப் பேசினார்கள், ஆனால் லேப் பேர் போனால் திரும்ப வராது என்றார். நாளையிலிருந்து ஆலங்குடிக்கு வேறு பையன் போவான் என்றார். நாகராசு டீயைக் குடித்தார். பெட்டியை வண்டியிலிருந்து அவிழ்த்து, பின்புறக் குழாயில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். பரிமளாவிடம் அந்தக் கிருமியின் பேர் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் வாயில் அது நுழையவில்லை.

வீட்டுக்குப் போனதும் காத்தாயியிடம் வேலை போனதைச் சொன்னார். அவள் தவிட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். கிருமி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றார். 

சாயங்காலம் ப்ரியங்காவுக்கு போன் பண்ணினார். ஊசி போய்க்கொண்டிருக்கிறது, பாலை டியூப் வழியாகக் கொடுக்கிறார்கள், டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். குழந்தையின் அப்பா திருச்சிக்குக் கிளம்பிவிட்டார் என்றும் சொன்னாள்.